எட்டேகாலுக்கு மணி அடித்தாக வேண்டும்: காலை உணவுக் கூட்டமும் சிறப்புப் பேச்சாளரும்

எங்கள் சேவைச் சங்கம் வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கூடுகிறது. அந்தக் கூட்டத்துக்குப் பேச்சாளரைத் தேடிப் பிடிப்பது, அழைப்பது, பேச வைப்பது, வழியனுப்புவது எல்லாம் என் வேலை. தலைவர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள்; இந்த வேலை மட்டும் என்னை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூட மணிக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்து ஓய்வு பெற்ற ஆசிரியை என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள் போல. வேறு சங்கங்களில் புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஒன்றுபோலவே இருப்பதால், நான் செய்வதை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

இருபது நிமிடம் பேசுங்கள் என்று சொல்லித்தான் பேச்சாளரை அழைக்கிறோம். அவர் மைக் முன்னால் வந்து நிற்கும்போது பன்னிரண்டு நிமிடம்தான் மிச்சம் இருக்கிறது. காலைக் கூட்டங்களின் தீராத வியாதி இது. காணாமல் போன எட்டு நிமிடத்தை யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை. தொடங்கியதே மூன்று நிமிடம் தாமதம். ஓர் அறிவிப்பு கதையாக நீண்டதில் இரண்டு. பிறந்தநாள் வாழ்த்தில் ஒன்று. அறிமுகவுரையில் இன்னும் இரண்டு. இரவுக் கூட்டமாக இருந்தால் கால் மணி நேரம் நீட்டிச் சரிக்கட்டலாம். காலையில் அது நடக்காது. கடை திறக்க வேண்டியவரும் முதல் நோயாளியைப் பார்க்க வேண்டிய மருத்துவரும் எட்டேகாலுக்கு எழுந்துவிடுவார்கள், எழுந்துதான் ஆக வேண்டும். தூக்கத்தை விட்டுவிட்டு வந்த விருந்தாளி பாதிப் பேச்சில் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கீழே சொல்வதெல்லாம் அந்த இருபது நிமிடத்தைக் குறையாமல் அவர் கையில் கொடுப்பதற்காகத்தான்.

நிரலைக் கடைசியிலிருந்து எழுதுங்கள்

நிகழ்ச்சி நிரலை மேலிருந்து கீழாக எழுதினால் பேச்சாளருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். கீழிருந்து எழுதுங்கள். 8.15 முடிவு மணி. 8.12-க்கு நன்றியுரை. கேள்விகளுக்குப் பத்து நிமிடம், ஆகவே 8.02. பேச்சு இருபது நிமிடம், ஆகவே 7.42. அறிமுகத்துக்கு இரண்டு நிமிடம், ஆகவே 7.40. இந்த நான்கும் அசையாதவை. அதற்கு முன்னால் இருப்பதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் ஏழு மணிக்குக் கதவும் சாப்பாடும் திறக்கும். 7.20-க்கு மணி அடித்துத் தொடக்கம், உறுதிமொழி, விருந்தினர் வரவேற்பு. 7.25-க்கு அறிவிப்புகள். 7.35-க்கு அபராதமும் மகிழ்ச்சிக் காசும்.

இந்தக் கடைசி விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அரிமா (லயன்ஸ்) சங்கங்களில் டெயில் ட்விஸ்டர் என்றே ஒரு பதவி உண்டு. சின்னச் சின்னக் காரணம் கண்டுபிடித்து உறுப்பினர்களுக்கு அபராதம் போட்டுச் சிரிக்க வைப்பது அவர் வேலை. ரோட்டரி சங்கங்கள் பலவற்றில், கூட்ட ஒழுங்கைக் கவனிக்கும் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் இதைச் செய்வார். நல்ல செய்தி உள்ளவர்கள் தாங்களாகவே எழுந்து காசு போட்டுவிட்டுச் சொல்வதும் உண்டு. கூட்டத்தின் ருசியே அதில்தான் இருக்கிறது என்பார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் தாமதமானால் முதலில் வெட்ட வேண்டியதும் அதுதான். தலைவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவேன்: ஐந்து நிமிடம் பிந்தினால் அபராதம் இல்லை, பத்து நிமிடம் பிந்தினால் அறிவிப்புகளும் இல்லை, அச்சடித்த தாளை மேசையில் வைத்தால் போதும். முன்கூட்டியே எழுத்தில் இருந்தால்தான் தலைவருக்கு வெட்டத் துணிச்சல் வரும். அந்த நேரத்தில் யோசித்தால் யார் மனதும் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவார்.

அறிவிப்புகளைப் பற்றி ஒரே விதி: முந்தைய நாள் மாலைக்குள் செயலாளரிடம் எழுத்தில் வந்துவிட வேண்டும், செயலாளர்தான் வாசிப்பார். சொந்த வாயால் அறிவித்தே தீருவேன் என்கிறவருக்கு ரத்த தான முகாமின் வரலாறு முழுவதும் நினைவுக்கு வந்துவிடும்.

சாப்பாடும் சத்தமும்

என்ன சமைப்பது என்பது உங்கள் பாடு. எனக்கு அக்கறை தட்டுகளின் சத்தத்தில்தான். நின்று எடுத்துக்கொள்ளும் பஃபே முறை காலைக்குத் தோதானது. ஆனால் உணவு மேசையை மேடைக்கு எதிர்ப்பக்கம், வாசலை ஒட்டி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் தாமதமாக வருகிறவர் பேச்சாளருக்குக் குறுக்கே போகாமல் தட்டை எடுத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வார். காபியை பிளாஸ்கில் ஊற்றி ஒவ்வொரு மேசையிலும் வைத்துவிடச் சொல்லுங்கள். இரண்டாவது கோப்பைக்காக எழுந்து போகும் நான்கு பேர் ஒரு நல்ல பேச்சைக் கெடுக்கப் போதும். காபி இயந்திரம் அறைக்குள்ளேயே இருந்தால் 7.40-க்கு அதை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். பால் நுரைக்கும் ஓசையோடு எந்த மைக்கும் போட்டி போட முடியாது.

தட்டு எடுப்பதும் அப்படித்தான். 7.40-க்கு மேல் யாரும் தட்டு எடுக்கக் கூடாது, எல்லாம் எட்டேகாலுக்குப் பிறகு. இதை இடத்தை ஏற்பாடு செய்து தந்த மேலாளரிடம் சொல்லிப் பயனில்லை, அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பார். காலைப் பணியில் உள்ள மேற்பார்வையாளரிடம் ஒவ்வொரு வாரமும் நேரில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் வேறு ஆள் இருப்பார்.

பேச்சாளர் சாப்பிடுவாரா என்று அவரிடமே கேளுங்கள். பேசும் முன் பலருக்கு ஒன்றும் இறங்காது. வற்புறுத்தாமல், கட்டிக் கொடுத்து அனுப்பலாம்.

யாரைக் கூப்பிடுவது

வாரந்தோறும் கூடுவது இன்று கட்டாயம் அல்ல. 2016-இல் ரோட்டரி தன் விதிகளைத் தளர்த்தி, மாதம் இரண்டு முறை கூடினாலே போதும் என்று வழிவிட்டது. அப்படியும் வாரக் கூட்டம்தான் வேண்டும் என்று உங்கள் சங்கம் முடிவு செய்திருந்தால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 52 வாரத்தில் விடுமுறைகள், சங்கத்தின் உள் அலுவல் கூட்டங்கள், பதவியேற்பு இவற்றைக் கழித்தாலும் சுமார் நாற்பது பேச்சாளர்கள் தேவைப்படும். நாற்பது பிரபலங்கள் எந்த ஊரிலும் கிடையாது. நல்லவேளையாக, பிரபலங்கள் தேவையும் இல்லை.

நான் தேடுவது ஒரு வேலையை நெடுநாள் செய்தவர்களை. மின்கட்டமைப்பின் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி பார்ப்பவர். ரத்த வங்கியின் ஆய்வகப் பணியாளர். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர். பேருந்து நேர அட்டவணை போடுகிறவர். இறுதி நாட்களில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர். இவர்களில் பலர், "நான் பேச்சாளர் இல்லையே" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்தான் நமக்கு வேண்டியவர். தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்பேன்: "உங்கள் வேலையில் நீங்கள் தினமும் பார்க்கிற, வெளியே இருக்கிற எங்களுக்குத் தெரியவே தெரியாத விஷயம் எது?" பதிலை என்னையும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தால் ஆள் கிடைத்துவிட்டார். "எங்கள் நிறுவனம் 1990 முதல்..." என்று பதில் தொடங்கினால் மரியாதையாக நன்றி சொல்லிவிடுவேன். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களையும் பெரும்பாலும் தவிர்க்கிறேன். கேட்கும்போது உற்சாகமாக இருக்கும், மதியத்துக்குள் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

ஒவ்வொரு பேச்சாளரிடமும் கிளம்பும்போது, "நீங்கள் யார் பேசினால் கேட்க விரும்புவீர்கள்?" என்று கேட்டு ஒரு பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். என் பட்டியலில் பாதி இப்படி வந்ததுதான். உங்கள் சங்கம் உதவித்தொகை கொடுத்த மாணவர்களை, உபகரணம் வாங்கிக் கொடுத்த மருத்துவமனையின் செவிலியரை ஓர் ஆண்டு கழித்துக் கூப்பிடுங்கள். கொடுத்த பணம் என்ன ஆனது என்று உறுப்பினர்கள் காதால் கேட்க வேண்டும்.

அரசியல் விஷயத்தில் உங்கள் சங்கத்தின் சட்டதிட்டத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். ரோட்டரி சங்கங்களுக்கான அமைப்பு விதி தெளிவாக இருக்கிறது: எந்த வேட்பாளரையும் சங்கம் ஆதரிக்கக் கூடாது, அவருடைய நிறைகுறைகளைக் கூட்டத்தில் விவாதிக்கவும் கூடாது. பொதுப் பிரச்சினைகளைத் தகவலோடு அலசலாம். அரிமா சங்கமும் பொதுநல விஷயங்களைத் திறந்த மனதோடு பேசச் சொல்கிறது, கட்சி அரசியலையும் சமயச் சண்டையையும் விட்டுவிடச் சொல்கிறது. தேர்தல் நெருங்கும் மாதங்களில் பதவியில் இருப்பவர்களைக் கூப்பிடாமல் இருப்பது என் வழக்கம். வேறு விஷயம்தான் பேசுவார் என்று உறுதி கொடுப்பார்கள். பேச மாட்டார்.

அழைப்புக் கடிதம்

முதலில் தொலைபேசி, அன்றைக்கே கடிதம். கடிதத்தில் புகழ்ச்சி குறைவாகவும் விவரம் நிறையவும் இருக்கட்டும். அணைக்கட்டில் வேலை பார்த்த ஒரு பொறியாளரை அழைப்பதாக வைத்துக்கொள்வோம். நான் இப்படி எழுதுவேன்:

"அன்புடையீர், வணக்கம். எங்கள் சங்கத்தின் காலை உணவுக் கூட்டத்தில் வரும் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நீங்கள் பேச ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மழைக்காலத்தில் அணையின் மதகை எப்போது திறப்பது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறோம். சுமார் முப்பது பேர் இருப்போம்: வியாபாரிகள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள். யாருக்கும் உங்கள் துறை தெரியாது, எல்லோருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். நீங்கள் ஏழு மணிக்கு வந்தால் போதும். 7.42-க்குப் பேசத் தொடங்கி 8.02-க்கு முடிக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் கேள்விகள். 8.15-க்கு நீங்கள் கிளம்பிவிடலாம். எங்கள் பேச்சாளர்களுக்குக் கட்டணம் கொடுக்கும் வழக்கம் இல்லை, வந்துபோகும் செலவை ஏற்றுக்கொள்கிறோம். மேடையிலிருந்து நன்கொடை கேட்பதையும் பொருள் விற்பதையும் தவிர்க்க வேண்டுகிறோம். படங்கள் காட்டுவதானால் முந்தைய நாள் மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். நீங்கள் சாப்பிடாத உணவு ஏதும் உண்டா? உங்களோடு யாரேனும் வருகிறார்களா?"

7.42 என்று எழுதுவதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். "ஏழே முக்கால் வாக்கில்" என்று எழுதினால் அது ஏழு ஐம்பத்தைந்து ஆகிவிடும். கட்டணம் கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. நம் பணிவு அவருக்கு ஒரு காலை வேளை சம்பளத்தைச் செலவு வைக்கக் கூடாது.

ஒரு வாரம் முன்பு ஒரு முறையும், முந்தைய நாள் மாலை ஒரு முறையும் பேசுங்கள். மாலைப் பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த வாசல், வாசலில் யார் நிற்பார், அவருடைய எண் என்ன.

ஒரே ஒரு வேண்டுகோள்

நன்கொடை கேட்கக் கூடாது என்று சொன்னேன். அதற்காகப் பேச்சாளர் எதையுமே கேட்கக் கூடாது என்று அர்த்தமில்லை. சேவைச் சங்கத்தின் முன்னால் பேச வருகிறவருக்கு வேறு எந்த அரங்கிலும் இல்லாத வாய்ப்பு ஒன்று இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஏதாவது செய்யலாமா என்ற எண்ணத்தோடுதான் வாராவாரம் வருகிறார்கள். 1925 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சிடார் பாயின்ட் என்ற இடத்தில் அரிமா சங்கங்களின் மாநாடு நடந்தது. பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் அங்கே பேசினார். மிகச் சிறிய உரை. பார்வையற்றவர்களுக்காக நீங்கள் போராடும் வீரர்களாக வேண்டும் என்று கேட்டார். அரிமா சங்கம் தொடங்கி அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கண் நலம் அந்த இயக்கத்தின் தலையாய பணியானது அந்த வேண்டுகோளுக்குப் பிறகுதான். இன்றைக்கும் அரிமா என்றால் கண் முகாம்தான் நினைவுக்கு வருகிறது.

அதனால் பேச்சாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: "எங்களில் ஒருவர் நாளைக்கு ஒரு காரியம் செய்யலாம் என்றால் எதைச் செய்யச் சொல்வீர்கள்?" ஒன்றே ஒன்று. அணைப் பொறியாளர் என்றால், வெள்ள எச்சரிக்கைக் குறுஞ்செய்தியை ஆற்றோரத்தில் இருக்கும் வயதானவர்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும் என்று கேட்கலாம். இது பணத்தைவிடப் பெரிய கோரிக்கை. ஏழு வேண்டுகோள் வைத்தால் ஒன்றும் நடக்காது, கைதட்டல் மட்டும் கிடைக்கும்.

அறிமுகவுரை

நான் அதிகமாகச் சண்டை போடும் இடம் இதுதான். "அறிமுகம் தேவையில்லாதவர்" என்று தொடங்கி நான்கு நிமிடம் அறிமுகம் செய்கிறார்கள். பேச்சாளரின் தன்விவரக் குறிப்பைப் பிறந்த ஊரிலிருந்து வரிவரியாக வாசிக்கிறார்கள். அதற்குள் கூட்டம் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ரோட்டரி கூட்டங்கள் பலவற்றில் நான்கு வழிச் சோதனையை, அதாவது நம் சொல்லையும் செயலையும் சோதித்துப் பார்க்கும் நான்கு கேள்விகளை, சொல்லித்தான் தொடங்குவார்கள். சிகாகோவில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு பாத்திர நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் 1932-இல் எழுதியது அது. அதன் முதல் கேள்வி, "இது உண்மையா?" என்பது. அந்தக் கேள்வியைச் சொல்லி முடித்து இருபது நிமிடம் கழித்து, அதே மேடையில், "உலகப் புகழ் பெற்ற" என்று ஆரம்பிப்பது எனக்குப் பொறுக்காது. பேச்சாளருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

அறிமுகவுரை மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். இந்த விஷயம் நமக்கு ஏன்? இதைச் சொல்ல இவர் ஏன்? இவர் பெயர் என்ன? இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும். பெயர் கடைசியில் வந்தால் அதைச் சொன்னதும் கைதட்டல் தானாக எழும், பேச்சாளரும் எழுந்து வருவார். அணைப் பொறியாளருக்கு இப்படி:

"ஒவ்வொரு மழைக்காலத்திலும் மதகைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. முன்பே திறந்திருக்கலாமே என்று நாமும் சொல்கிறோம். திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அறையில் யார் இருப்பார்கள், அவர்கள் கண் முன்னால் என்ன எண்கள் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அந்த அறையில் பல மழைக்கால இரவுகளைக் கழித்தவர் இன்று நம்மோடு இருக்கிறார். நீர்வளத் துறையின் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற..." இங்கே பெயர்.

நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எழுதி, பேச்சாளருக்கு முன்கூட்டியே அனுப்பி, தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முன்னெழுத்து, பட்டம், பதவி மூன்றிலும் எல்லோருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. இன்னொன்று: அறிமுகம் செய்கிறவர் பேச்சின் சாரத்தைச் சொல்லிவிடக் கூடாது. தனக்கு அந்தத் துறை கொஞ்சம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை யாரையும் விடுவதில்லை.

மைக், திரை, வெயில்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படங்களைப் பி.டி.எஃப் கோப்பாக வாங்கிச் சங்கத்தின் மடிக்கணினியிலேயே ஏற்றிவிடுங்கள். பேச்சாளரின் கணினியை 7.41-க்கு இணைக்க முயல்வது தற்கொலைக்குச் சமம். ஏழு மணிக்கே அவரை மைக்கில் இரண்டு வரி பேசச் சொல்லிப் பாருங்கள். "எனக்கு மைக் தேவையில்லை, குரல் பெரிது" என்பவரிடமும் மைக்கைக் கொடுங்கள், காது மந்தமான உறுப்பினர்கள் சொல்லாமல் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். காலைக் கூட்டத்துக்கே உரிய ஒரு தொல்லை வெயில். மாலையில் போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தால் தெரியாது. ஏழே முக்காலுக்குக் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே திரையில் விழும். அறையைப் பார்க்கப் போவதானால் அந்த நேரத்திலேயே போங்கள்.

நேரம் காட்டுவது

மேடைப்பேச்சுப் பயிற்சிக்காக 1924-இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் பேச்சாளருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு காட்டுவார்கள். விளக்கு இல்லாவிட்டால் அட்டை போதும். ஐந்து நிமிடம் இருக்கும்போது பச்சை, இரண்டு நிமிடம் இருக்கும்போது மஞ்சள், முடிந்ததும் சிவப்பு. அட்டை காட்டுகிறவர் முதல் வரிசையில் ஓரமாக உட்கார வேண்டாம், பேச்சாளரின் பார்வை இயல்பாக விழும் நடுவில், மூன்றாவது வரிசையில் உட்காரட்டும். அட்டையைக் காட்டிப் பேச்சாளர் தலையை அசைக்கும்வரை இறக்கக் கூடாது.

சிவப்புக்குப் பிறகும் பேசினால்? இதை அவரிடம் காலையிலேயே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன்: "சிவப்பு காட்டி ஒரு நிமிடம் ஆனால் எங்கள் தலைவர் எழுந்து உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார். கோபம் என்று நினைக்காதீர்கள், எங்கள் ஆட்கள் வேலைக்குப் போக வேண்டும்." சொல்லிவைத்தால் தலைவர் எழ வேண்டிய தேவையே அநேகமாக வருவதில்லை.

கேள்விகள்

பேச்சு முடிந்ததும் வரும் மௌனம் பேச்சாளரைக் கலங்கடித்துவிடும். முதல் கேள்விக்கு ஓர் உறுப்பினரை முன்பே தயார் செய்து வையுங்கள். துறை சார்ந்த கேள்வியாக இல்லாமல் வேலையைப் பற்றியதாக இருந்தால் நல்லது: "மதகைத் திறக்கச் சொன்ன இரவு வீட்டுக்குப் போய்த் தூங்கினீர்களா?" இப்படி ஒன்று வந்தால் அடுத்த ஐந்து கைகள் தானாக உயரும். கேள்வியை நெறியாளர் மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கும், பேச்சாளருக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும், நீளமான கேள்வி தானாகச் சுருங்கும்.

ஒவ்வொரு சங்கத்திலும் ஒருவர் இருப்பார், கேள்வி என்று எழுந்து தன் அனுபவத்தைச் சொல்வார். அவரை அவமதிக்க வேண்டாம். மூச்சு விடும் இடம் பார்த்து, "அப்போது உங்கள் கேள்வி..." என்று மைக்கை நீட்டினால் போதும். அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் அவரையே ஒரு வாரம் பேச்சாளராகப் போட்டுவிடுங்கள். மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்த்தால் கொஞ்ச நாள் அமைதியாக இருப்பார்.

அரசு அதிகாரி பேச வந்தால் தன் தெருக் குழாயைப் பற்றிப் புகார் சொல்ல ஒருவர் கையைத் தூக்குவார். அதைக் கூட்டம் முடிந்து பேசிக்கொள்ளலாம் என்று நெறியாளர்தான் சொல்ல வேண்டும், விருந்தாளியைச் சொல்ல விடக் கூடாது.

பேச்சாளர் வரவில்லை என்றால்

வருடத்தில் சில முறையாவது நடக்கும். விமானம் தாமதம், குழந்தைக்குக் காய்ச்சல், மேலதிகாரி திடீரென்று கூப்பிட்டுவிட்டார். இதற்கு ரோட்டரியில் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் முதல் கூட்டத்தில் உட்கார்ந்த நான்கு பேரும் நான்கு தொழில்: வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையல் தொழில் நடத்தியவர் ஒருவர். அந்த வழியில் இன்றும் புது உறுப்பினர்கள் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசும் பழக்கம் பல சங்கங்களில் உண்டு. எந்த நேரமும் இரண்டு உறுப்பினர்கள் இப்படி ஒரு பேச்சைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். படம் வேண்டாம், காகிதம் வேண்டாம், இருபது நிமிடம். பக்கத்து நாற்காலியில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர் என்ன தொழில் செய்கிறார் என்று தெரியாமலே இருந்தவர்களுக்கு, வராத பேச்சாளரைவிட இதுவே பிடித்துப்போவதும் உண்டு.

நன்றியும் அதன் பிறகும்

நன்றியுரை சொல்கிறவர் பேச்சைத் திரும்பச் சுருக்கிச் சொல்லக் கூடாது. எல்லோரும் இப்போதுதானே கேட்டார்கள். தன்னைத் தொட்ட ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி நன்றி சொன்னால் அவர் காது கொடுத்துக் கேட்டார் என்று பேச்சாளருக்குத் தெரியும். இதை முன்கூட்டி எழுதிவைக்க முடியாது என்பதால் நல்லாக் கேட்கிறவரை இதற்குப் போடுங்கள், நல்லாப் பேசுகிறவரை அல்ல.

நினைவுப்பரிசு சின்னதாக, கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஏறக்கூடியதாக இருக்கட்டும். சில சங்கங்கள் கேடயம் கொடுப்பதை விட்டுவிட்டுப் பேச்சாளர் பெயரில் போலியோ ஒழிப்பு நிதிக்குப் பணம் கட்டுகின்றன. ரோட்டரி 1985-இல் போலியோபிளஸ் என்ற பெயரில் தொடங்கிய பணி அது. பல இடத்தில் பேசுகிறவர்கள் வீட்டில் ஏற்கெனவே கேடயம் வைக்க இடமில்லை.

வாசல் வரை ஒருவர் கூடப் போக வேண்டும். தலைவரே போக நினைப்பார். ஆனால் அவரைப் பத்துப் பேர் பிடித்துக்கொள்வார்கள். வேறு ஒருவரை முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். அன்றைக்கே நன்றிக் கடிதமும் இரண்டு படமும் போய்விட வேண்டும். பல சங்கங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஒரு மாதம் கழித்து இன்னொரு கடிதம் எழுதுங்கள். அவர் கேட்ட அந்த ஒரு காரியம் என்ன ஆயிற்று, யார் செய்தார்கள், எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று மூன்று வரி. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அடுத்த செயற்குழுவில் யாரிடம் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நான் ஒரு நோட்டில் பேச்சாளரின் பெயர், தேதி, வேண்டுகோள், நடந்தது என்று நான்கு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்த நான்காவது கட்டம் நிரம்பியவர்களைத்தான் மறு வருடம் முதலில் கூப்பிடுவேன்.